பெரிய பிலிம் எது? யார் சொல்வது?



நம் துறை வாசலில் நின்றுகொண்டு "லார்ஜ் பார்மட்னா என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "ஃப்ளெக்ஸ்!" என்றுதான் பதில் வரும். அது தப்பில்லை. காதுகுத்து முதல் கட்சி மாநாடு வரைக்கும் தெருமுனையில் நிற்கிற பேனர்களை அடிக்கும் இன்க்ஜெட் மெஷினுக்கு நம் தொழிலில் அந்தப் பெயர்தான். பெரிய ஷீட் ஓட்டுகிற ஆப்செட் மெஷினுக்கும் அதே பெயர் உண்டு. சினிமாக்காரரைக் கேட்டால் ஐமாக்ஸ் என்பார். புதுசாக டிஜிட்டல் கேமரா வாங்கியவரைக் கேட்டால் தன் கேமராவையே நீட்டுவார். ஒரே பெயருக்கு இத்தனை சொந்தக்காரர்கள்!

நான் எழுத வந்தது பிலிம் கேமராவில் எது லார்ஜ் பார்மட் என்பதைப் பற்றி. செல்போனில் படம் எடுக்கிற காலத்தில் இது என்ன ஆராய்ச்சி என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நம் துறையின் பின்பக்க அறையில் கிடக்கிற இரண்டு கேமராக்களின் ஆயுசு இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அளவுகளைப் பார்த்துவிடுவோம்.

சாதாரண 35 மி.மீ. பிலிமில் ஒரு படம் 24 மி.மீ.க்கு 36 மி.மீ. பரப்பளவு 864 சதுர மி.மீ. அதற்கு அடுத்தது மீடியம் பார்மட். கோடாக் கம்பெனி 1901-ல் கொண்டுவந்த 120 என்ற சுருள் பிலிம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. அதில் 6க்கு 6, 6க்கு 7, 6க்கு 9 என்றெல்லாம் எடுப்பார்கள். பெயர்தான் 6 செ.மீ., உண்மையில் 56 மி.மீ.தான் வரும். அதற்கும் மேலே, சுருளாக வராமல் தனித்தனித் தாளாக வரும் பிலிம். 4 அங்குலத்துக்கு 5 அங்குலம், 5க்கு 7, 8க்கு 10, 11க்கு 14 என்று போகும். ஐரோப்பாவில் இதையே 9க்கு 12 செ.மீ., 13க்கு 18 செ.மீ. என்று வைத்திருந்தார்கள். கணக்குப் போட்டால் 4க்கு 5 என்பது 35 மி.மீ. படத்தைப் போல ஏறக்குறைய 15 மடங்கு. 8க்கு 10 என்பது 60 மடங்கு!

புத்தகங்களில் உள்ள விடை, 4க்கு 5 அங்குலமும் அதற்கு மேலும் லார்ஜ் பார்மட் என்பது. வைவாவில் இதைச் சொன்னால் மார்க் வரும். ஆனால் இந்தக் கோட்டை யார் போட்டார்கள், ஏன் அங்கே போட்டார்கள் என்று கேட்டால்தான் சிக்கல் ஆரம்பம்.

120 சுருளிலேயே 6க்கு 17 செ.மீ. என்று நீளப்படம் எடுக்கும் கேமராக்கள் உண்டு. அந்த நெகட்டிவின் பரப்பு 9,400 சதுர மி.மீ.யைத் தொடும். பழைய 'குவார்ட்டர் பிளேட்' என்ற தாள் பிலிம் மூன்றேகால் அங்குலத்துக்கு நாலேகால் அங்குலம். அதன் பரப்பு 8,900 சொச்சம்தான். அதாவது மீடியம் என்று சொல்லப்படுவது, லார்ஜ் குடும்பத்துப் பிள்ளை ஒன்றைவிடப் பெரிசு. சரி, சுருளா தாளா என்று பார்த்துப் பிரிப்போம் என்றால், விமானத்திலிருந்து நிலத்தை அளக்கிற கேமராக்கள் ஒன்பதரை அங்குல அகலச் சுருளில் 9க்கு 9 அங்குலப் படம் எடுத்தன. சுருள்தான், ஆனால் அதைப் போய் மீடியம் என்று யார் சொல்வார்? மறுபக்கம், 6.5க்கு 9 செ.மீ. அளவில் குட்டித் தாள் பிலிமும் ஒரு காலத்தில் விற்றது. தாள்தான், ஆனால் உள்ளங்கையில் பாதிகூட வராது.

ஐமாக்ஸ் கதை இன்னும் வேடிக்கை. 2023-ல் வந்த 'ஓப்பன்ஹைமர்' படத்தை 65 மி.மீ. பிலிமில் எடுத்தார்கள், அதில் ஐமாக்ஸ் கேமராவும் உண்டு. சினிமாவில் அதுதான் பெரிய பார்மட்டுக்கெல்லாம் பெரிய பார்மட். அதன் ஒரு பிரேம் சுமார் 70 மி.மீ.க்கு 50 மி.மீ. போட்டோ ஸ்டுடியோவில் 6க்கு 9 எடுத்த நம்மூர் அண்ணாச்சியின் நெகட்டிவ் அதைவிடப் பெரிசு! டிஜிட்டலில் ஃபுஜிஃபிலிம் தன் ஜி.எஃப்.எக்ஸ். கேமராக்களை லார்ஜ் பார்மட் என்றே விளம்பரம் செய்கிறது. அதன் சென்சார் சுமார் 44 மி.மீ.க்கு 33 மி.மீ. 35 மி.மீ. படத்தைவிட ஒன்றே முக்கால் மடங்குகூட முழுசாக இல்லை. வியாபாரத்தில் பெயர் வைப்பது அவர்கள் உரிமை. படிக்கிற நாம் ஸ்கேலை எடுத்து அளந்து பார்க்கலாம், அது நம் உரிமை.

ஆரம்பத்தில் இந்தப் பெயரே கிடையாது என்பதுதான் நான் படித்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். பெரிதாக்கிப் பிரிண்ட் போடும் வசதி பரவாத காலத்தில் நெகட்டிவ் என்ன அளவோ படமும் அதே அளவுதான். பெரிய படம் வேண்டுமா, பெரிய கேமராவைத் தூக்கு! லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் படைவீரர் மதராஸ் மாகாண அரசின் போட்டோகிராபராக இருந்தவர். 1858-ல் மதுரையையும் தஞ்சாவூரையும் படமெடுத்தார். ஏறக்குறைய 12க்கு 15 அங்குலம் அளவுள்ள காகித நெகட்டிவ்கள். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டு வரிகளை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அந்த மனிதரிடம் போய் "சார், நீங்க லார்ஜ் பார்மட்டா?" என்று கேட்டிருந்தால் விழித்திருப்பார். 1925-ல் ஜெர்மனியில் லைக்கா கேமரா விற்பனைக்கு வந்து, சினிமா பிலிமில் குட்டிப் படம் எடுக்கலாம் என்று ஆன பிறகுதான் பெரியதைப் 'பெரியது' என்று சொல்ல வேண்டிய தேவை வந்தது. தம்பி பிறந்த பிறகுதானே ஒருவன் அண்ணன் ஆகிறான்!

அமெரிக்கப் பத்திரிகைக்காரர்கள் 'ஸ்பீட் கிராபிக்' என்ற 4க்கு 5 கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடினார்கள். 1945-ல் ஐவோ ஜிமா தீவில் வீரர்கள் கொடி நடுகிற அந்தப் புகழ்பெற்ற படம் அந்த வகைக் கேமராவில் எடுத்ததுதான். அவர்களுக்கு அது அன்றாடச் சாமான். இன்றைக்கு நமக்கு அது ராட்சசன். ராட்சசன் என்றால் உண்மையான ராட்சசனும் இருந்தது. 1900-ல் அமெரிக்காவில் ஒரு ரயில் கம்பெனி தன் முழு ரயிலையும் ஒரே படத்தில் எடுக்க ஆசைப்பட்டது. ஜார்ஜ் லாரன்ஸ் என்பவர் 8 அடிக்கு நாலரை அடி கண்ணாடிப் பிளேட் வைக்கிற கேமரா ஒன்றைச் செய்தார். பிளேட் வைக்கும் பெட்டியோடு எடை 1,400 பவுண்டு. தூக்கி இயக்க 15 ஆட்கள்!

இனி என் கருத்து. அளவு மட்டும் போதாது என்பது என் கட்சி. ஒரு தடவை ஒரு தாள்: இதுதான் உயிர் நாடி. சுருள் பிலிமில் 12 படமோ 36 படமோ எல்லாம் ஒரே தண்ணீரில் குளிக்க வேண்டும். தாள் பிலிமில் ஒவ்வொரு படத்துக்கும் தனி வெளிச்சக் கணக்கு, தனி டெவலப்பிங் நேரம். கேமராவின் பின்பக்கம் உள்ள மங்கல் கண்ணாடியில் படம் தலைகீழாக, இடவலம் மாறித் தெரியும். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, பூதக்கண்ணாடி வைத்துக் கூர்மை பார்க்க வேண்டும். பிறகு லென்ஸை மூடி, பிலிம் பெட்டியைச் செருகி, மறைப்புத் தகட்டை உருவி, அதற்கப்புறம்தான் படம். பெட்டியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு தாள். தகட்டின் விளிம்பு வெள்ளையாக வெளியே தெரிந்தால் எடுக்காத பிலிம், கறுப்பாகத் தெரிந்தால் எடுத்தது. இருட்டறையில் பிலிமின் மருந்துப் பக்கம் எது என்று விரலால் தடவிக் கண்டுபிடிக்க ஓரத்தில் வெட்டுக் குறிகள் இருக்கும். குறி வலது மேல் மூலையில் வருகிற மாதிரி தாளை நிறுத்திப் பிடித்தால் மருந்துப் பக்கம் நம்மைப் பார்க்கும். இதையெல்லாம் செய்கிறவனுக்கு ஒரு படம் என்பது ஒரு முடிவு. ஆன்செல் ஆடம்ஸ் 1927-ல் யோசெமிட்டி மலையில் ஏறி ஹாப் டோம் பாறையை எடுக்கப் போனபோது கடைசியாகக் கையில் மிஞ்சியது இரண்டே கண்ணாடிப் பிளேட்டுகள். ஒன்றை மஞ்சள் ஃபில்ட்டர் போட்டு எடுத்தார். மனசு ஒப்பவில்லை. மிச்சமிருந்த ஒன்றை அடர்சிவப்பு ஃபில்ட்டர் போட்டு எடுத்தார். வானம் கறுத்து, பாறை எழுந்து நிற்கிற அந்தப் படம் அந்தக் கடைசிப் பிளேட்தான்.

அப்படியானால் 6.5க்கு 9 செ.மீ. குட்டித் தாளும் லார்ஜ்தானா என்று என் வகுப்புத் தோழன் மடக்கினான். இல்லை. தாளாக இருக்க வேண்டும், பூதக்கண்ணாடி இல்லாமல் வெறும் கண்ணால் நெகட்டிவைப் பார்த்து நல்லது கெட்டது சொல்லவும் முடிய வேண்டும். என் கணக்கில் 9க்கு 12 செ.மீ. கீழ் எல்லை. குவார்ட்டர் பிளேட்காரர்கள் சண்டைக்கு வந்தால் வரட்டும். விமானச் சுருளை நில அளவைக்காரர்களிடமே விட்டுவிடுவோம், அவர்களும் இந்தப் பட்டம் கேட்டு வரவில்லை. எக்ஸ்ரே? மார்பு எக்ஸ்ரேக்கு 14க்கு 17 அங்குலத் தாள் பிலிம் போட்டார்கள். பெரிசுதான். ஆனால் லென்ஸ் இல்லை, விழுவது வெறும் நிழல். அதனால் சேர்க்கவில்லை.

ஆனால் சேர்க்க வேண்டிய ஒன்றை எல்லாரும் விட்டுவிட்டார்கள். லார்ஜ் பார்மட் பற்றிய கட்டுரைகளை நூலகத்திலும் போனிலும் தேடித் தேடிப் படித்தேன். 20க்கு 24 அங்குலம் என்றதும் போலராய்டு கம்பெனி 1976-ல் செய்த கேமராவைச் சொல்வார்கள். அதில் எல்சா டார்ஃப்மன் எடுத்த உருவப்படங்களைச் சொல்வார்கள். அந்தக் கேமராக்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பார்கள். நண்பர்களே, சிவகாசியில் 20க்கு 24 அங்குல பிலிமை தினசரி ஷிப்ட் போட்டு எடுத்தார்கள்! ஆப்செட் பிரஸ்களின் பிராசஸ் கேமராவில்! அந்த ஆட்களைப் பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையிலும் ஒரு வரி இல்லை.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கொத்தனார். என் படிப்பின் பெயர் அவர் வாயில் நுழையாது, "பிரஸ்ஸுக்குப் படிக்கிறான்" என்பார். அம்மாவின் தம்பி, என் மாமா, எட்டாவதோடு நின்று சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் கேமரா செக்‌ஷனில் எடுபிடியாகச் சேர்ந்து, பிறகு ஆபரேட்டர் ஆனவர். சி.டி.பி. வந்து, கம்ப்யூட்டரிலிருந்து நேராகப் பிளேட் எடுக்க ஆரம்பித்ததும் அந்த செக்‌ஷனே இல்லாமல் போயிற்று. இப்போது பைண்டிங்கில் கட்டுக் கட்டுகிறார். தீபாவளிக்கு வந்தவரிடம் லார்ஜ் பார்மட் பற்றிச் சொன்னேன். "அட, அதுக்குப் பேரெல்லாம் இருக்கா மாப்ள? நாங்க பெரிய பிலிம்னுதான் சொல்லுவோம்" என்றார்.

அந்தப் பெரிய பிலிம் 35 மி.மீ. படத்தைப் போல ஏறக்குறைய 358 மடங்கு. ஆடம்ஸின் 8க்கு 10 தாள்கள் அதில் ஆறு அடங்கும். மாமா சொன்ன வேலையை நம் பாடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு படத்தை அதே அளவில் எடுக்க வேண்டுமானால் லென்ஸிலிருந்து பிலிமுக்கு குவியத் தூரத்தைப் போல இரண்டு மடங்கு, படத்துக்கும் இரண்டு மடங்கு. 24 அங்குல லென்ஸ் என்றால் மொத்தம் 8 அடி. பெல்லோஸ் நீள நீள வெளிச்சம் குறையும். அதே அளவுப் படத்துக்கு நாலு மடங்கு நேரம் கொடுக்க வேண்டும். மேஜை மேல் ஒரு பூவை அருகில் வைத்து எடுக்கிற லார்ஜ் பார்மட் போட்டோகிராபரும் இதே கணக்கைத்தான் போடுகிறார். 8 அங்குலப் படம் 10 அங்குலம் ஆக வேண்டுமா, 125 சதவீதம் என்று மாமா கேட்ட மாத்திரத்தில் சொல்வார். கலர் படம் என்றால் சிவப்பு, பச்சை, நீல ஃபில்ட்டர் போட்டுத் தனித்தனி நெகட்டிவ். நாலு பிலிமும் ஒன்றன் மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். பிசகினால் காலண்டரில் முருகனுக்கு இரண்டு உதடு!

"அது சும்மா காப்பி எடுக்கிற கேமராடா, அது போட்டோகிராபியே இல்லை" என்று சீனியர் அண்ணன் ஒருவர் சொன்னார். பார்மட் என்பது பிலிமின் அளவும் அதைக் கையாளும் விதமும். முன்னால் என்ன நிற்கிறது என்பது அதில் வராது. மலையை எடுத்தால் பார்மட், காலண்டர் சாமியை எடுத்தால் பார்மட் இல்லையா? பிராசஸ் கேமராக்களைக் கழித்துக் கட்டியபோது அதிலிருந்த அப்போ-ரோனார், அப்போ-நிக்கார் போன்ற லென்ஸ்களை லார்ஜ் பார்மட் ஆர்வலர்கள் வாங்கித் தங்கள் கேமராவில் மாட்டிக்கொண்டார்கள். அவற்றின் கூர்மைக்கு இன்றைக்கும் மதிப்பு உண்டு. லென்ஸுக்குப் பந்தியில் இடம் கொடுத்தார்கள், அதை இயக்கிய ஆளுக்கு வாசலிலேயே நிறுத்தம். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஒரு வேலைக்கு ஆங்கிலத்தில் பெயர் இருந்தால் அது கலை, 'செக்‌ஷன்' என்று சொன்னால் அது கூலி. இந்தக் கணக்கு எங்களைப் போன்ற வீடுகளுக்கு நன்றாகப் பழக்கம்.

இப்போது நம் பின்பக்க அறைக்கு வருவோம். அங்கே 20க்கு 24 அங்குல பிராசஸ் கேமரா ஒன்றும், 4க்கு 5 மோனோரெயில் கேமரா ஒன்றும் இருக்கின்றன. கண்டம் லிஸ்டில் இரண்டையும் சேர்த்து "பழைய கேமரா – 2" என்று எழுதியிருக்கிறார்கள். எடைக்குப் போட்டுவிட்டு அறையில் கம்ப்யூட்டர் வைக்கப் போகிறார்களாம். கம்ப்யூட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் அதில்தான் வேலை கிடைக்கும், வீட்டில் அதை நம்பித்தான் இருக்கிறார்கள். பிராசஸ் கேமராவுக்கு இடம் இல்லவே இல்லை என்றால் அதன் லென்ஸையும் படம் பொருத்தும் பலகையையுமாவது கழற்றி வையுங்கள். மோனோரெயில் கேமரா ஒரு பீரோவின் மேல்தட்டில் அடங்கும். அதை எடைக்குப் போட்டு என்ன கிடைக்கும், இரண்டு கிலோ அலுமினியம்!

"பிலிமுக்கு எங்கே போவது, அது பணக்காரர் விளையாட்டு" என்பார்கள். ஊட்டியில் 1960-ல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' என்ற பெயரில் பிலிமும் எக்ஸ்ரே தாளும் தயாரித்துக் கொண்டிருந்தது. அதுவும் மூடியாகிவிட்டது. வெளிநாட்டுத் தாள் பிலிம் நம் பைக்குக் கட்டாது என்பது உண்மை. ஆனால் வழி இருக்கிறது. கறுப்பு வெள்ளை பிரிண்ட் பேப்பரையே பிலிமுக்குப் பதிலாகக் கேமராவில் வைக்கலாம். வேகம் ஐ.எஸ்.ஓ. 6 என்கிற அளவில்தான் இருக்கும். ஆகவே வெயிலிலேயே வினாடிக் கணக்கில் திறந்து வைக்க வேண்டும், யாரும் அசையக்கூடாது. டிரைப் எடுத்ததும் காகித நெகட்டிவ்தானே? எக்ஸ்ரே பிலிமை இருட்டில் 4க்கு 5 அளவுக்கு வெட்டியும் பலர் எடுக்கிறார்கள். இரண்டு பக்கமும் மருந்து இருப்பதால் சீக்கிரம் கீறல் விழும், டிரேயில் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழுவ வேண்டும். சிவப்பு நிறம் அதற்குத் தெரியாது, அதனால் தக்க சிவப்பு விளக்கில் வேலை செய்யலாம். இருட்டில் தடுமாறுகிற எங்களைப் போன்ற புதுசுகளுக்கு அது வசதி.

சனிக்கிழமை மதியம் ஒரு பேட்ச், ஆளுக்கு ஒரு தாள். மாணவர் பேரவை இதற்கு முதல்வரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பது என் கோரிக்கை. ஒரு தாளில் நம் கட்டடத்தை எடுத்துப் பார்க்கலாம். கேமராவை அண்ணாந்து சாய்த்தால் சுவர் கோபுரம் மாதிரி குவியும். கேமராவை நேராக வைத்து லென்ஸை மட்டும் மேலே தூக்கினால் சுவர் நிமிர்ந்து நிற்கும். லென்ஸைச் சாய்த்தால் காலடிப் புல் முதல் கடைசி மரம் வரை கூர்மையாக வரும். ஆஸ்திரியாக்காரர் ஷைம்ப்ஃபுளூக் 1904-ல் காப்புரிமை வாங்கிய விதி இது. தேர்வுக்கு மனப்பாடம் செய்து மறந்து போகிற படத்தைக் கையாலேயே திருப்பிப் பார்க்கலாம்.

மாமாவிடம் கேட்டுவிட்டேன். பைண்டிங்கில் சனிக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பஸ் செலவு மட்டும் கொடுத்தால் வந்து கற்றுத் தருகிறேன் என்கிறார். "லென்ஸ்ல பூஞ்சை புடிச்சிருக்கான்னு மொதல்ல பாரு" என்று சொல்லியிருக்கிறார். டார்ச் அடித்துப் பார்த்தேன், ஓரத்தில் கொஞ்சம் இருக்கிறது, நடுவில் இல்லை.

கண்டம் லிஸ்ட் ஜூன் மாதம் மேலிடத்துக்குப் போகிறது. மனு லேப் அசிஸ்டென்ட் அண்ணனின் மேஜை டிராயரில் இருக்கிறது. நேற்று வரை 23 கையெழுத்து. மெக்கானிக்கல், சிவில் நண்பர்களும் போடலாம்.

– இரண்டாம் ஆண்டு மாணவன்,
அச்சுத் தொழில்நுட்பத் துறை